படிப்பு மையத்து வைஃபையை ஏன் குறைத்தோம்?
இணையத்தின் போக்குக்கும் வரவுக்கும் அளவு வைப்பது பற்றி ஒரு விளக்கம்

 

இரண்டு மாதமாக என்னைப் பார்க்கிற பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான். "படிப்பு மையத்து நெட்டை ஏன் காக்கா குறைச்சீங்க?" சிலர் அலுவலகத்துக்கு வந்து கேட்டார்கள். சிலர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். ஒருவர் ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த இடத்தில் மடக்கிக் கேட்டார். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். குறைத்தது உண்மை. குறைத்த பிறகுதான் மையத்தில் எல்லோருக்கும் வேலை ஓடுகிறது என்பதும் உண்மை. கேட்பதற்கு முரணாக இருக்கும். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

விஷயம் தொடங்கியது பொறியியல் கலந்தாய்வு நேரத்தில். நம் தெருப் பிள்ளை ஒருத்தி, கல்லூரி விருப்பங்களைப் பதிகிற கடைசி நாளில், உம்மாவைக் கூட்டிக்கொண்டு மையத்துக்கு வந்தாள். வீட்டில் கணினி இல்லை. கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். பக்கம் திறக்கவில்லை. திறந்தாலும் பாதியில் நின்றது. சொடுக்கினால் சுற்றிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் போராடிவிட்டு, கடைசியில் அவள் மாமாவின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு எப்படியோ பதிந்தாள். ஆனால் தாளில் எழுதிய வரிசை முழுவதையும் ஏற்ற நேரம் இருக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ், இடம் கிடைத்தது. அவள் முதலில் எழுதியிருந்த கல்லூரியில் அல்ல. வரிசை முழுமையாக ஏறியிருந்தால் கிடைத்திருக்குமா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அன்று காரணம் தெரியாமல், இணைப்புக் கொடுத்தவர்களைத்தான் நான் குறை சொன்னேன். அடுத்த வாரம், ரியாதில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நம் ஊர்த் தம்பி ஒருவர் விடுமுறையில் வந்திருந்தார். அவரிடம் ரவுட்டரைக் காட்டினேன். அதில் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்துவிட்டு, "காக்கா, அன்னைக்கு அந்த நேரத்துல ஒரே ஒரு போன் ரெண்டு ஜிபி வெளியே அனுப்பியிருக்கு" என்றார். போன் யாருடையது என்று தேடினால், என்னுடையது. முந்தின நாள் மதரஸா ஆண்டு விழாவை வீடியோ எடுத்திருந்தேன். மையத்து வைஃபைக்குள் கால் வைத்ததும், கைப்பேசி தானாகவே அதைப் பேக்கப் என்று மேலே ஏற்றத் தொடங்கியிருக்கிறது. நான் அடுத்த அறையில் பைத்துல்மால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கணக்கு இதுதான். நம் மையத்து இணைப்பில் வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு, அதாவது வரவுக்கு, 40 எம்பிபிஎஸ். உள்ளிருந்து வெளியே போவதற்கு, அதாவது போக்குக்கு, 5 எம்பிபிஎஸ். எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற அளவு. நாம் கோப்புகளை அளக்கும் மெகாபைட் வேறு. ஒரு பைட்டுக்கு 8 பிட். 2 ஜிபி வீடியோ என்றால் சுமார் 16,000 மெகாபிட். அதை விநாடிக்கு 5 வீதம் அனுப்பினால் 3,200 விநாடி, அதாவது ஏறத்தாழ 53 நிமிடம். அந்தப் பிள்ளை போராடிய முக்கால் மணி நேரமும் இதற்குள் அடங்கிவிட்டது.

நான் கேட்டேன்: "நான் அனுப்பினது வெளியே போற பக்கம். அவளுக்குப் பக்கம் திறக்கிறது உள்ளே வர்ற பக்கம். அங்கே 40 காலியாத்தானே கிடந்தது?"

அதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் இந்தக் கட்டுரையின் உயிர். இணையத்தில் தகவல் சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேல் இருக்காது. பொட்டலம் வந்து சேர்ந்ததும், வாங்கிய கணினி "கிடைத்தது" என்று ஒரு சின்ன ரசீது அனுப்ப வேண்டும். ரசீது வரவர, அனுப்புகிறவர் வேகத்தைக் கூட்டுவார். ரசீது தாமதமானால் காத்திருப்பார். இந்த ரசீதும் நம் போக்கு வழியாகத்தான் வெளியே போகிறது. என் வீடியோ அந்த வழியை அடைத்துக்கொண்டிருந்ததால், அவளுடைய ரசீதுகள் அதன் பின்னால் வரிசையில் நின்றன. வரவு வழி அகலமாகக் கிடந்தும், அனுப்புகிறவர் அனுப்பாமல் காத்திருந்தார்.

ரமளானில் அஸருக்குப் பின் நோன்புக் கஞ்சி வாங்க நிற்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தூக்குவாளியோடு நிற்கிறார்கள். நடுவில் ஒருவர் கல்யாணத் தேக்சாவைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். அது நிறையும் வரை பின்னால் நிற்கிற சிறுவன், ஒரே ஒரு கிண்ணம் போதும் என்றாலும், நிற்கத்தான் வேண்டும். கஞ்சிக்குப் பஞ்சமில்லை. வரிசை அமைந்த விதம்தான் சரியில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்த வரிசை நம் ரவுட்டரில் நிற்கவில்லை. இணைப்புக் கொடுப்பவரின் மோடத்துக்குள் நின்றது. மோடங்களில் பொட்டலம் கைநழுவிப் போகாமல் இருக்க ஒரு கிடங்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கிடங்கு பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். உதாரணத்துக்கு அது ஒரு மெகாபைட் என்று வையுங்கள். 8 மெகாபிட் நிறைந்து நிற்கிறது. விநாடிக்கு 5 வீதம் வெளியேறுகிறது. கடைசியில் வந்து சேர்ந்த சின்ன ரசீது வெளியே போக 1.6 விநாடி ஆகும். சாதாரணமாக ஒரு விநாடியில் நூறில் சில பங்குக்குள் முடிகிற காரியம் அது. ஒரு இணையப் பக்கம் திறக்க இப்படிப் பல முறை போய் வர வேண்டும். வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோடு பிள்ளைகள் பேசும்போது குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்து, இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறார்களே, அதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம். ஒரு குரல் அழைப்புக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 100 கேபிபிஎஸ் போதும். 5 எம்பிபிஎஸ்ஸில் அது ஐம்பதில் ஒரு பங்கு. அழைப்புக்கு வேகம் தேவையில்லை. காத்திருக்க வைக்காமல் இருந்தால் சரி.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஒரு ஆய்வகத்துக்கும் சில நூறு கெஜ தூரத்தில் இருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே 32 கேபிபிஎஸ்ஸில் ஓடிய இணைப்பு, நெரிசலால் விநாடிக்கு வெறும் 40 பிட் என்ற நிலைக்கு விழுந்தது. அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் ஒரு வழியை எழுதினார். பொட்டலம் தொலைந்தால் அனுப்புகிறவர் வேகத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும், பிறகு மெல்லக் கூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் உலகம் முழுவதும் கணினிகள் அந்த ஒழுங்கை ஒட்டித்தான் நடக்கின்றன. ஆனால் பிற்காலத்தில் நினைவகம் மலிந்து, கிடங்குகள் பெரிதாகிவிட்டன. பொட்டலம் தொலையவே இல்லை, நின்றுகொண்டே இருந்தது. தொலையாததால் அனுப்புகிறவருக்கு நெரிசல் தெரியவில்லை. 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு விநாடிக்கு மேல் போவதைக் கண்டு இதைத் துருவினார். இந்தக் கோளாறுக்கு 'பஃபர் புளோட்' என்று பெயர் வைத்தவரும் அவரே. கிடங்கு வீக்கம் என்று நாம் சொல்லலாம்.

அளவு வைப்பது எப்படி வேலை செய்கிறது?

போக்கு 5 எம்பிபிஎஸ் என்றால், நம் ரவுட்டரிடம் "4.5-க்கு மேல் வெளியே விடாதே" என்று சொல்லி வைக்கிறோம். அவ்வளவுதான். மோடத்துக்கு 5 அனுப்பத் தெரியும், அதற்கு 4.5 மட்டுமே வந்து சேர்கிறது, அதனால் அதன் கிடங்கு நிறைவதே இல்லை. வரிசை இப்போது நம் ரவுட்டருக்குள், நம் கைக்குள் நிற்கிறது. நம் வாசலில் நிற்கிற வரிசையை நாம் ஒழுங்குபடுத்தலாம். அடுத்தவர் வாசலில் நிற்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

ஒழுங்குபடுத்துவதற்கு இப்போது நல்ல முறை இருக்கிறது. 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் மேலே சொன்ன வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற ஒரு முறையை வெளியிட்டார்கள். வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்க்கிறது. விநாடியில் ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் காத்திருப்பு தொடர்ந்து நீடித்தால் ஒரு பொட்டலத்தை விட்டுவிடும். அதைப் பார்த்து அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். இதோடு தனித்தனி வரிசை என்ற ஏற்பாட்டையும் சேர்த்து அதே ஆண்டில் லினக்ஸில் கொண்டுவந்தார்கள். எஃப்க்யூ கோடெல் என்று பெயர். கஞ்சி வரிசையில் சொன்னால், தேக்சாக்காரருக்கும் ஒரு அகப்பை, அடுத்தவருக்கும் ஒரு அகப்பை, மறுபடி அவருக்கு ஒரு அகப்பை என்று சுற்றிச் சுற்றி ஊற்றுவது. கிண்ணம் கொண்டுவந்த சிறுவன் ஒரே சுற்றில் வாங்கிக்கொண்டு போய்விடுவான். தேக்சாவும் நிறையத்தான் செய்யும், கொஞ்சம் தாமதமாக.

வரவுக்கு அளவு வைப்பது இவ்வளவு எளிதல்ல. நாம் அனுப்புவதை நாம் பிடித்து நிறுத்தலாம். நமக்கு அனுப்பப்பட்டது வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு, அதை நிறுத்தி என்ன பயன்? அது ஏற்கெனவே வழியை அடைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறது. அப்படியானால் வரவு அளவு எப்படி வேலை செய்கிறது என்றால், சொல்லாமல் சொல்லும் வழியில். ரவுட்டர் அளவுக்கு மேல் வந்த பொட்டலங்களைச் சற்றுத் தாமதிக்கிறது, சிலவற்றைக் கைவிடுகிறது. ரசீது வராததைக் கண்டு, தொலைவில் இருக்கும் அனுப்புகிறவர் வேகத்தைக் குறைக்கிறார். சென்னை வியாபாரிக்கு நம் கடையிலிருந்து ரசீது தாமதமானால் அடுத்த லாரியில் சரக்கைக் குறைத்து ஏற்றுவது போல. ஆனால் எல்லா வகைப் போக்குவரத்தும் சொல்பேச்சு கேட்பதில்லை. அதனால் வரவில் கொஞ்சம் தாராளமாகவே இடம் விட வேண்டும். போக்கில் அளந்த வேகத்தின் 90 முதல் 95 விழுக்காடு, வரவில் 85 முதல் 90 விழுக்காடு என்பது நல்ல தொடக்கம். மையத்தில் 40-க்கு 36 வைத்திருக்கிறோம்.

நாங்கள் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு உதவும். ரவுட்டரில் ஒவ்வொரு துளைக்கும் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். டிஎக்ஸ் என்றால் அனுப்புவது, ஆர்எக்ஸ் என்றால் வாங்குவது. யார் அனுப்புவது? ரவுட்டர். நாம் அல்ல. மோடத்தை நோக்கிய துளையில் ரவுட்டர் அனுப்புவது நம் அப்லோடு. ஆனால் அறையை நோக்கிய துளையில் ரவுட்டர் அனுப்புவது நமக்கு டவுன்லோடு. நான் அறைப் பக்கத்துத் துளையில் டிஎக்ஸுக்கு 4.5 என்று போட்டுவிட்டேன். மறுநாள் மையத்தில் எல்லோருடைய டவுன்லோடும் 4.5-க்கு இறங்கி, குழுவில் எனக்குக் கிடைத்த பேச்சு கொஞ்சமல்ல. "குறைச்சிட்டாங்க" என்ற பெயர் வந்தது அன்றுதான். அந்தத் தவறு இரண்டே நாளில் சரிசெய்யப்பட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தவறுக்குள் ஒரு பாடமும் கிடைத்தது. ரவுட்டர் அனுப்புவதைத்தான் நன்றாகக் கட்டுப்படுத்த முடியும் என்றால், வரவுக்கான வரிசையை அறைப் பக்கத்துத் துளையின் டிஎக்ஸில் வைப்பதே நல்லது. போக்குக்கு மோடம் பக்கத்து டிஎக்ஸ், வரவுக்கு அறைப் பக்கத்து டிஎக்ஸ். சில பெட்டிகளில் டிஎக்ஸுக்கு மட்டும்தான் அளவு வைக்கவே முடியும். அதுவே போதும்.

அலகிலும் கவனம் வேண்டும். பல ரவுட்டர்களில் கேபிபிஎஸ் என்று கேட்கும். 4.5 எம்பிபிஎஸ் என்றால் அங்கே 4500 என்று எழுத வேண்டும். வெறும் 4 என்று எழுதினால் வீட்டில் இணையமே இல்லாதது போல் ஆகிவிடும். மையத்தில் இருப்பது மைக்ரோடிக் ரவுட்டர். அதில் ஃபாஸ்ட்ட்ராக் என்ற குறுக்குவழி இயங்கிக்கொண்டிருந்தால், பொட்டலங்கள் வரிசையில் நிற்காமல் தாண்டிப் போய்விடும். அளவு வைத்தும் ஒன்றும் மாறவில்லையே என்று நாங்கள் விழித்த ஒரு நாளுக்கு அதுதான் காரணம்.

ஆளுக்கு ஆள் அளவு வைக்கலாமே?

நிர்வாகக் குழுவில் இதுபற்றிப் பேச்சு வந்தது. ஆளுக்கு 2 எம்பிபிஎஸ் என்று கட்டிவிடலாம் என்று பொருளாளர் சொன்னார். பெரிய பிளான் வாங்கிவிடலாம் என்று இளைஞர்கள் சொன்னார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. பெரிய பிளான் வாங்கினால் மாதந்தோறும் டிரஸ்ட் பணம் போகும். ஒரே கைப்பேசி அதையும் நிறைத்துவிடும், ஏனென்றால் பேக்கப் கிடைக்கிற இடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் சுபாவம் கொண்டது. ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டினால், வரிசையில் ஆளே இல்லாத நேரத்திலும் இரண்டு அகப்பைக்கு மேல் இல்லை என்று சொல்லி, மீதிக் கஞ்சியைச் சட்டியிலேயே வைத்திருப்பது போல ஆகும். காலையில் தனியாக உட்கார்ந்து பாட வீடியோ பார்க்கிற மாணவனுக்கு 36-ம் கிடைக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

அதனால் மையத்தில் ஆளுக்கு அளவு இல்லை. மொத்தத்துக்கு ஒரு அளவு, அதற்குள் சுற்றிச் சுற்றிப் பங்கு. இரண்டு விலக்கு மட்டும் வைத்தோம். பெண்களுக்கான தஜ்வீத் வகுப்பு நடக்கும் கணினிக்குப் போக்கிலும் வரவிலும் 2 எம்பிபிஎஸ் உறுதிப் பங்கு. வகுப்பு இல்லாத நேரத்தில் அதை மற்றவர்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். விருந்தினர் வைஃபைக்கு மட்டும் கடுமையான உச்ச வரம்பு, வரவில் 5, போக்கில் 1. ஒவ்வொரு கைப்பேசியையும் அடையாளம் கண்டு அளவு வைக்கும் யோசனையும் வந்தது. இப்போதைய ஆண்ட்ராய்டு, ஐபோன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு முகவரி காட்டுவதால் அது நிலைக்காது. பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலையும் நமக்கு வேண்டாம்.

இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அறைக்குள் வைஃபை சிக்னலே பலவீனமாக இருந்தால், துளையில் என்ன அளவு வைத்தாலும் பயனில்லை. மாதத் தரவு வரம்பு தீர்ந்து, இணைப்புக் கொடுப்பவர் வேகத்தை 2 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால், நாம் வைத்த 36-க்கு அர்த்தமில்லாமல் போகும். வரிசை மறுபடி மோடத்துக்குள் போய்விடும். அப்போது அளவையும் இறக்க வேண்டும். விலை மலிந்த சில ரவுட்டர்களால் இந்த வேலையை அதிக வேகத்தில் செய்ய முடியாது, மூச்சுத் திணறும். 40 எம்பிபிஎஸ் போன்ற இணைப்புக்குப் பெரும்பாலும் கவலையில்லை.

உங்கள் வீட்டில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. ஃபாஸ்ட் டாட் காம் பக்கத்தைத் திறந்து, வேகம் காட்டி முடித்ததும் கூடுதல் விவரத்தைத் தொடுங்கள். தாமதம் என்று இரண்டு எண் வரும். ஒன்று வழி சும்மா இருக்கும்போது, இன்னொன்று சுமை ஏறியபோது. முதலாவது 20, இரண்டாவது 40 என்றால் நிம்மதியாக இருங்கள். இரண்டாவது 500, 1000 என்று காட்டினால் உங்கள் வீட்டிலும் தேக்சா நிற்கிறது. ஃபஜ்ருக்குப் பின் ஒரு முறை, இஷாவுக்குப் பின் ஒரு முறை பாருங்கள். குறைந்த வேகத்தைக் கணக்கில் எடுங்கள்.

கோளாறு இருந்தால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரிக்குப் போங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அங்கே பேண்ட்விட்த் கண்ட்ரோல் அல்லது க்யூஓஎஸ் என்று இருக்கும். இணைப்போடு இலவசமாக வந்த பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. அப்போது கைப்பேசிகளின் படப் பேக்கப்பை நிறுத்தி வைத்து, எல்லோரும் தூங்கிய பிறகு ஓட விடுங்கள். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். நான் என் கைப்பேசியில் முதலில் செய்ததும் அதைத்தான்.

தாமாகச் செய்ய முடியாதவர்கள் சனிக்கிழமை அஸருக்குப் பின் படிப்பு மையத்துக்கு வரலாம். இரண்டு கல்லூரி மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கட்டணம் இல்லை. ரவுட்டர் அடியில் உள்ள தாளைப் படம் எடுத்து வாருங்கள். அந்தப் படத்தைத் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். உங்கள் வைஃபை பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கும். சென்ற வாரம் இரண்டு பேர் போட்டுவிட்டார்கள்.

வஸ்ஸலாம்.
செயலாளர்